எல்லோருக்கும் ஒரே கட்டம்

செர்வாவுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆனால் அவளுக்கு உட்காரத்தான் வராது. பிராங்க்ஸில், கிராண்ட் கான்கோர்ஸ் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு கிளினிக்கின் முன்மேசையில் பதினோரு வருஷமாக நோயாளிகளைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். பெயர், பிறந்த தேதி, விலாசம், இன்ஷூரன்ஸ், இனம். ஒரு ஆளுக்கு நான்கு நிமிஷம். அந்த நான்கு நிமிஷத்துக்குள் மூன்று தடவை எழுந்துவிடுவாள். பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டதா என்று பார்க்க ஒரு தடவை, கைக்குழந்தையோடு நிற்பவளுக்கு நாற்காலி இழுத்துப் போட ஒரு தடவை. ஒன்றுமே இல்லாவிட்டால் ஜன்னல் திரையை ஏற்றி இறக்குவாள்.

"ஏ கானாக்காரி, உன் நாற்காலில முள்ளா இருக்கு?" என்பாள் பக்கத்து மேசை வின்னெட். ஜமைக்காவிலிருந்து வந்தவள். நிதானமே உருவானவள்.

"உன் நாற்காலில பசை இருக்கு, ஜமைக்கா. காலைல ஒட்டினா சாயங்காலம் வரைக்கும் பிய்க்க முடியல."

இந்த இரண்டு பேரையும் கட்டி மேய்ப்பவர் மிஸ் லோரெய்ன். பிராங்க்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அம்மா சவுத் கரோலைனாவிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். "ஆப்பிரிக்காவும் தீவும் சண்டை போட்டுக்குது, நடுவுல அமெரிக்கா மாட்டிக்கிட்டு முழிக்குது. வாயை மூடிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்பார்.

மூன்று பேரும் சாப்பிடுவது வேறு, பேசும் விதம் வேறு, ஞாயிற்றுக்கிழமை போகும் சர்ச் வேறு. ஆனால் கணினித் திரையில் மூன்று பேருக்கும் ஒரே கட்டம்தான்: கறுப்பினம். அதை ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை அழுத்துவாள் செர்வா. அதைப் பற்றி அவள் யோசித்ததே கிடையாது.

அவளுக்கு ஒரு தம்பி, புவாச்சி. இருவரும் கானாவின் குமாசியில் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவள் அமெரிக்கா வந்து எட்டு வருஷம் கழித்து அவன் வந்தான். டாக்ஸி ஓட்டினான். மனைவி அஃப்ரியே, இரண்டு பெண்கள். வாட்டசாட்டமான ஆள். அவன் சிரித்தால் பின்சீட்டில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அவனை வருஷத்துக்கு ஒரு தடவை கிளினிக்குக்குத் தரதரவென்று இழுத்து வருவது செர்வாதான். முதல் தடவை அவனைப் பதிவு செய்ததும் அவளேதான். "பேரு?" என்று முகத்தை வேண்டுமென்றே கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டாள். "உனக்குத் தெரியாதா, சிஸ்டர்?" என்று அவன் சிரிக்க, காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கட்டத்தை அழுத்தினாள்.

உள்ளே டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் திரையைப் பார்த்து ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். கறுப்பின ஆண், நாற்பதை நெருங்குகிறார். ரத்த அழுத்தம் பார்க்கணும், சர்க்கரை பார்க்கணும், உப்பைக் குறைக்கணும். தப்பான யோசனை ஒன்றும் இல்லை. அவனுக்கு அழுத்தமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. "எல்லாத்துலயும் பாஸ்!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டிக்குப் போய்விடுவான். ஆறு வருஷம் இப்படியே பாஸ்.

2013 பிப்ரவரியில் அவனுக்கு வலது விலாவுக்குக் கீழே வலித்தது. "வண்டிக்குள்ளயே உக்காந்து கென்கே மாவுருண்டையை அமுக்கினா வயிறு வலிக்காம என்ன செய்யும்?" என்று அஃப்ரியே திட்டினாள். மூன்று வாரத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கண் மஞ்சளித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் டாக்டர் ஒருவர், தலை நரைத்தவர், படத்தை மறுபடி மறுபடி பார்த்துவிட்டு, கிளினிக்கிலிருந்து வந்த பழைய தாள்களைப் புரட்டினார்.

"நீங்க எங்க பிறந்தீங்க?"

"கானா. குமாசி."

"ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எப்பவாவது எடுத்திருக்கீங்களா?"

"யாரும் எடுக்கச் சொல்லலையே டாக்டர். வருஷா வருஷம் செக்கப் போறேன். எல்லாத்துலயும் பாஸ்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த வைரஸ் கல்லீரலில் முப்பது நாற்பது வருஷம்கூடச் சத்தம் போடாமல் கிடந்துவிட்டுப் புற்றுக்கட்டியாகத் தலைதூக்கும் என்றார். மேற்கு ஆப்பிரிக்காவில் பலருக்குப் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து, இல்லாவிட்டால் சின்ன வயதிலேயே வந்துவிடும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் மாத்திரை இருக்கிறது, ஸ்கேன் பண்ணிக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். இங்கே பிறந்தவர்களிடம் அது குறைவு, அதனால் வழக்கமான செக்கப்பில் யாரும் தேடுவதில்லை. "உங்க பேப்பர்ல 'கறுப்பினம்'னு மட்டும்தான் இருக்கு. பேச்சை வெச்சாவது யாராவது கேட்டிருக்கலாம். கேக்கல."

செர்வா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். "அதை நான்தான் போட்டேன்" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. தம்பிக்குப் புரிந்தது. "நீ என்ன செய்வே, சிஸ்டர்? வேற கட்டம் இல்லையே."

ஒன்பது வாரம் இருந்தான். மே மாதம் இரண்டாம் வாரம் போய்விட்டான். வயது நாற்பத்தொன்று.

சவ அடக்கத்துக்கு ஊரே கூடியது. சிவப்பும் கறுப்புமாகத் துணி உடுத்தி, ஹால் நிறைய ஜனம். டாக்ஸி ஓட்டும் நண்பர்கள் மட்டும் நாற்பது பேர் வந்திருந்தார்கள். பெண்கள் வந்து செர்வாவின் கையைப் பிடித்து, "உக்காரும்மா, கொஞ்ச நேரம் உக்காரு" என்றார்கள். அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாள். வந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவரைப் பதிவு செய்தது நான், இந்த அம்மாவைப் பதிவு செய்தது நான், இவளையும் நான்தான். எல்லோருக்கும் அதே கட்டம். எத்தனை பேருக்குள் அது படுத்துக்கிடக்கிறதோ?

ஒரே தாயின் பிள்ளைகள் என்றால் நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் கல்லீரல் டாக்டர் சொல்லியிருந்தார். கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இதற்கான தடுப்பூசி போட்டிருந்தார்கள், ரத்தம் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் மல்டோனாடோவிடம் கையை நீட்டினாள். முடிவு வந்தபோது அந்தச் சின்ன வயது டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கும் இருக்கு, செர்வா. ஆனா இப்ப தூங்குது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தமும் ஸ்கேனும் பாத்துட்டே இருப்போம். எந்திரிச்சா மாத்திரை. உங்களை விட மாட்டேன்."

அஃப்ரியேவுக்கும் பெண்களுக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த ஒரு செய்திக்குத்தான் செர்வா அழுதாள். தன் விஷயத்தை அஃப்ரியேவிடம் மட்டும் சொன்னாள்.

பதிவுத் திரையின் அடியில் 'கூடுதல் குறிப்பு' என்று ஒரு நீளமான வெற்று இடம் இருந்தது. சக்கர நாற்காலி வேண்டும், காது கேட்காது என்பது போன்றவற்றை எழுதுவதற்கு. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இன்ஷூரன்ஸ் அட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே ஒரு பெண்ணிடம் கேட்டாள்: "நீங்க எங்க பிறந்தீங்க?" அந்தப் பெண் "டோகோ" என்றாள். செர்வா அந்த வெற்று இடத்தில் டோகோ என்று அடித்தாள். அன்றிலிருந்து யாரையும் கேட்காமல் விடவில்லை.

வின்னெட் இரண்டு நாள் பார்த்தாள். "என்ன, பாஸ்போர்ட் ஆபீஸ் ஆரம்பிச்சுட்டியா?"

செர்வா காரணத்தைச் சொன்னாள். அதன்பின் வின்னெட் கிண்டல் பண்ணவில்லை. தானும் கேட்க ஆரம்பித்தாள். ஆனால் அவளுக்கு ஜமைக்கா என்ற பதில் போதாது. "ஜமைக்கால எங்க? கிளாரண்டனா? கிளாரண்டன்ல எந்தப் பக்கம்? ஐயோ, பிரவுன் டீச்சரைத் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் வரிசை வாசல் வரைக்கும் நீண்டுவிடும்.

எல்லோரும் சந்தோஷமாகச் சொல்லிவிடவில்லை. கினியிலிருந்து வந்த ஒருவர், அந்தக் கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த பேனாவை மெதுவாக மேசையில் வைத்தார். "எதுக்குக் கேக்கறீங்க?" என்றார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் வெளியே போய்விட்டார். குடியேற்றக் காகிதம் இல்லாத மனிதர் என்பது அவள் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. பின்னாலேயே ஓடினாள். தெருமுனை வரைக்கும் ஆள் இல்லை. அந்த மனிதர் இருமிக்கொண்டிருந்தார். இருமலோடு அப்படியே போய்விட்டார். நல்லது செய்கிறேன் என்று ஒருவரை விரட்டிவிட்டேனே என்று அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு கேள்வியை மாற்றினாள். "உங்க குடும்பம் எந்த ஊர்ப் பக்கம்? கவர்ன்மென்டுக்கு இல்ல, டாக்டருக்கு. சில நோய் ஊருக்கு ஊர் மாறும். விருப்பம் இருந்தா சொல்லுங்க."

ஆகஸ்டில் மிஸ் லோரெய்ன் கண்ணில் பட்டுவிட்டது. அச்செடுத்த தாள் ஒன்றோடு வந்து நின்றார்.

"இது என்ன? கானா, கயானா, பார்படோஸ், அலபாமா! தபால் ஆபீஸா நடத்தறே?"

செர்வா எழுந்து நின்றே பதில் சொன்னாள். மிஸ் லோரெய்ன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயம்.

"எங்க அம்மா காலத்துல எங்களை ஒழுங்கா எண்ணக்கூட மாட்டாங்க. எண்ண வைக்கிறதுக்கே தெருவுல இறங்கினோம். இந்தக் கட்டம் சும்மா வந்ததில்ல, செர்வா. இப்ப நீ இதைத் துண்டு துண்டா வெட்டறே. ஒவ்வொரு துண்டும் சின்னதாயிடும். சின்னத் துண்டுக்காக யாரு கவலைப்படுவா?"

"என் தம்பி பெரிய துண்டுக்குள்ளதான் இருந்தான், மிஸ் லோரெய்ன். அவனை யாரும் பாக்கலையே."

வின்னெட் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். மிஸ் லோரெய்ன் தாளை நாலாக மடித்தார். "ஒரு ஆளுக்கு நாலு நிமிஷத்துக்கு மேல ஆகக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். கேட்காதே என்று அவர் சொல்லவில்லை.

கேட்க ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஓடிற்று. ஒரு நாள் டாக்டர் மல்டோனாடோ முன்மேசைக்கே வந்தாள். "இந்தக் குறிப்பை எல்லாம் எழுதறது யாரு?" இருவரும் கையைத் தூக்கினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

"இது தங்கம். ஆனா கம்ப்யூட்டர் இதை எண்ணாது, டாக்டருங்களும் அடிவரைக்கும் படிக்கறதில்ல. கானாவையே நீங்க ஏழு விதமா எழுதியிருக்கீங்க."

"அவசரத்துல அடிக்கிறேன் டாக்டர்."

"'குமாசி, அஷாந்தி ஸ்டோர் பக்கத்து வீடு'ன்னு ஒண்ணு இருக்கு."

"அது என் மாமா பையன்."

அதற்கப்புறம் இரண்டு மாதம், சனிக்கிழமைதோறும், டாக்டரும் செர்வாவும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார்கள். டாக்டர் உட்கார்ந்தாள், செர்வா அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாசித்தாள். கடைசியில் எண்ணிக்கை வந்தது. மேற்கு ஆப்பிரிக்காக்காரர்கள் முந்நூற்றுப் பதினெட்டு பேர். அதில் அந்தப் பரிசோதனை செய்திருந்தவர்கள் இருபத்தொன்பது பேர். மிச்சப் பேருக்கெல்லாம் புவாச்சிக்குப் பார்த்த அதே அழுத்தமும் சர்க்கரையும்தான் பார்த்திருந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் செர்வா போன் போட்டாள். ரத்தம் கொடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டாள். வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வராதவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அஃப்ரியே மூலமாக வந்து சேர்ந்தது. "கிளினிக்காரி நம்ம ஜனத்துக்கெல்லாம் நோய்னு பரப்பிக்கிட்டுத் திரியறா. நாளைக்கு நம்ம பொண்ணுங்களை யாரு கட்டுவா? வேலைக்கு யாரு எடுப்பா?"

"அவங்க சொல்றதும் நியாயம்தானே, சிஸ்டர்?" என்றாள் அஃப்ரியே. "ஏற்கெனவே நம்மளப் பாத்தா எபோலா எபோலான்னு ரயில்ல தள்ளி உக்காருறான்."

அந்த இலையுதிர்காலம் அப்படித்தான் இருந்தது. செர்வாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்தால் திரும்பக் கிளம்பி கான்கோர்ஸ் முழுக்க நடப்பாள். நூற்று அறுபத்தேழாம் தெருவில் கிழங்கும் புகையிட்ட மீனும் விற்கும் கடை, பக்கத்தில் முடி பின்னும் கடை, அதற்கப்பால் ஊருக்குப் பொருள் அனுப்பும் கடை. எல்லாவற்றுக்குள்ளும் தலையை நீட்டி, பேச வாயெடுத்து, பேசாமல் திரும்புவாள்.

கடைசியில் சர்ச் பாஸ்டரிடம் போய் மூன்று நிமிஷம் கேட்டாள். நவம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். நோயைப் பற்றி டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. முதல் இரண்டு வரி வாசித்தாள். யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை. பின்வரிசையில் குழந்தைகளுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். தாளை மடித்து வைத்தாள்.

"என் தம்பி எதுல செத்தான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அது எனக்கும் இருக்கு" என்றாள்.

கோட்டு மாட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"நான் உங்களோட சேர்ந்து சாப்பிட்டிருக்கேன். ஒரே தட்டுல சாப்பிட்டா இது ஒட்டாது. கட்டிப்பிடிச்சா ஒட்டாது. எனக்கு இருக்கிறது எனக்குத் தெரியும். அதனால டாக்டர் என்னைப் பாத்துக்கிறாங்க. என் தம்பிக்குத் தெரியாது. எனக்கும் அவனுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்."

மூன்று நிமிஷம் கேட்டவள் பத்து நிமிஷம் பேசிவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. கீழ்த்தளத்தில் சாப்பாடு. அவள் கொண்டுவந்த ஜோலோஃப் சோற்றுப் பானை எப்போதும் முதலில் காலியாகும். அன்றைக்கு முக்கால் பானை அப்படியே இருந்தது. பெண்கள் அவள் கண்ணைப் பார்க்காமல் அடுத்த பானைக்கு நகர்ந்தார்கள். அஃப்ரியே மட்டும் தட்டை நிரப்பிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்று, இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டாள். அடுத்ததாகப் பாஸ்டரின் மனைவி வந்தாள். தயங்கித் தயங்கி ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். "புதன்கிழமை உங்க கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டாள்.

புதன்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இருபது. கிறிஸ்துமஸுக்குள் நூற்று நாற்பது பேர் ரத்தம் கொடுத்திருந்தார்கள். அதில் பதினேழு பேருக்கு இருந்தது. ஒருவர் காம்பியாவிலிருந்து வந்த தையல்காரர். அவருடைய கல்லீரலில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. வெட்டி எடுத்துவிட்டார்கள், வசந்தகாலத்தில் திரும்பவும் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று செர்வா கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். சந்தோஷமா, தம்பி நினைப்பா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இது இதோடு முடியவில்லை. டாக்டர் மல்டோனாடோ அந்தப் பட்டியலை வைத்து வேறு கணக்குகளும் போட ஆரம்பித்தாள். ஒரு நாள் ஊழியர் கூட்டத்தில் பிரசவக் கணக்கைச் சுவரில் போட்டுக் காட்டினாள். இந்தக் கிளினிக்குக்கு வரும் கறுப்பினத் தாய்மாரில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு மாதம் நிறையாமல் குழந்தை பிறக்கிறது. ரொம்ப மோசமில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த எண். அதை இப்போது ஊர்வாரியாகப் பிரித்திருந்தாள். ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களில் ஏழு. தீவுகளிலிருந்து வந்தவர்களில் பத்து. இங்கேயே பிறந்த அமெரிக்கப் பெண்களில் பதினைந்து.

மிஸ் லோரெய்னின் மகள் டெனீஸுக்கு இரண்டு பிரசவமும் ஏழாம் மாதம். இரண்டாவது குழந்தை தங்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மிஸ் லோரெய்ன் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய், அந்தப் பதினைந்தை உற்றுப் பார்த்தார். "ரெண்டு தடவையும் என் பொண்ணுகிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றார், யாரையும் பார்க்காமல். "எங்க எண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுதுன்னு தெரியலன்னாங்க. அவ சாப்பாட்டைக் குத்தம் சொன்னாங்க. அவ நடக்கலைன்னாங்க." திரும்பி செர்வாவைப் பார்த்தார். "உங்க ஊர் பொண்ணுங்க நல்லபடியா பெத்து பெத்து எங்க எண்ணை மூடி வெச்சிருக்காங்க."

செர்வா எழுந்தாள். "மிஸ் லோரெய்ன், நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லாதே. நாளைக்கு இந்தத் தாளை எனக்குப் பத்துப் பிரதி எடுத்துக் கொடு."

அந்தப் பத்துத் தாளோடு மிஸ் லோரெய்ன் மேலிடத்துக்குப் போன வேகத்தைப் பார்த்து வின்னெட்டே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இங்கே பிறந்த கர்ப்பிணிகளுக்கென்று தனியாக ஒரு மருத்துவச்சி வேண்டும் என்று கேட்டார். கிடையாது என்றார்கள். அடுத்த மாதமும் போனார். மறுபடி கிடையாது. ஏழு மாதம் கழித்து, வாரத்துக்கு மூன்று நாள் வரும் ஒருத்தியை அனுப்பினார்கள். "மூணு நாள்! குழந்தைங்க வியாழன் வெள்ளி லீவு எடுக்குமா?" என்று திட்டிக்கொண்டே அவளுக்கு அறை ஒதுக்கிக் கொடுத்தார்.

அவரும் செர்வாவும் அதற்குப் பிறகு நெருங்கிய சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். இன்னமும் உரசிக்கொள்வார்கள். எல்லோரையும் சேர்த்து எண்ணுகிற கட்டமும் இருக்கணும், அதை எடுத்துவிட்டு ஊர் மட்டும் போடக் கூடாது என்பதில் மிஸ் லோரெய்ன் பிடியாக நின்றார். செர்வாவுக்கும் அதில் மறுப்பு இல்லை. கடைக்குள் காவலாளி பின்னாலேயே வரும்போது அவன் குமாசியா கரோலைனாவா என்று கேட்பதில்லை என்பது அவளுக்கும் தெரிந்ததுதான்.

மூன்றாம் வருஷம் கிளினிக்குக்குப் புது மென்பொருள் வந்தது. கறுப்பினம் என்று அழுத்தினால் அதற்குக் கீழே ஒரு பட்டியல் விரியும்: ஆப்பிரிக்க அமெரிக்கர், காம்பியா, கானா, ஹெய்ட்டி, ஜமைக்கா, நைஜீரியா என்று இருபத்திரண்டு பெயர். கடைசியில் 'சொல்ல விருப்பமில்லை'. அந்த வரி செர்வா சண்டை போட்டுச் சேர்த்தது. மூன்று பெண்களும் திரை முன்னால் கூடி நின்று பட்டியலை வாய்விட்டு வாசித்தார்கள். வின்னெட் ஜமைக்கா எங்கே என்று தேடி, ஆங்கில அகர வரிசையில் கானாவுக்குக் கீழே இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

அந்த வாரமே ஒரு பெண் வந்தாள். ஹோண்டுராஸில் பிறந்தவள், ஸ்பானிஷ் பேசுபவள், செர்வாவைவிடக் கறுப்பு. திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிப் பட்டியலை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் காரிஃபுனா, ஹோண்டுராஸ் கடலோரக் கறுப்பு ஜனம். இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

செர்வா ஹோண்டுராஸ் என்று போட்டுப் பார்த்தாள். போட்டதும் 'ஹிஸ்பானிக்' என்று ஸ்பானிஷ் பேசும் நாட்டவருக்கான வேறு பக்கம் தாவி, 'கறுப்பினம்' அழிந்துவிட்டது. திரும்பக் கறுப்பினத்தை அழுத்தினாள். ஹோண்டுராஸ் போய்விட்டது.

"அப்ப நான் ஏதாவது ஒரு பாதியை எடுத்துட்டு மிச்சத்தை வாசல்லயே விட்டுட்டு உள்ள போகணுமா?" என்றாள் அந்தப் பெண். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"இருங்க" என்று செர்வா ஒரு துண்டுத்தாளை இழுத்தாள். "எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க. நான் தப்பா எழுதிடுவேன்."

எழுதிக்கொண்டு மாடியில் கணினிப் பிரிவுக்குப் போனாள். அவர்கள் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வாரமும் போனாள். அந்த ஒரு பெயரைச் சேர்க்க ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் பட்டியலில் இல்லாத வேறு மூன்று ஊர்க்காரர்கள் வந்து மேசை முன்னால் நின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.